மணி பிளாண்ட்டுக்குக் கவாத்து

நான் இப்போது குடியிருக்கும் எலப்புள்ளியில் கோபம்கூட 'ங்க' போட்டுத்தான் வரும். மூணாறு எஸ்டேட்டில் வளர்ந்த எனக்கு அது இன்னும் பழகவில்லை. எங்கள் பக்கம் பாசத்திலேயே 'ஏலே' என்று நாலு வசவு சேர்ந்து வரும். இங்கே மரியாதை கூடக்கூட, என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். இரண்டு இடமும் கேரளம், பேச்சும் தமிழ்தான். ஆனாலும் எலப்புள்ளிக்குப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்து வந்தபோது மறையூர் வழியாக மலையிறங்கி, உடுமலை, பொள்ளாச்சி என்று தமிழ்நாட்டைக் கடந்துதான் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்தேன். பாஸ்போர்ட் ஒன்றுதான் கேட்கவில்லை.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சரசக்கா. அவர் வராந்தாக் கம்பி முழுக்க மணி பிளாண்ட் படர்ந்திருந்தது. பொள்ளாச்சிக் கல்யாணத்துக்குக் கிளம்பியவர், "தம்பி, கொடியக் கொஞ்சம் வெட்டியுட்டு, பெரிய தொட்டிக்கு மாத்தி வெச்சுருங்க" என்றார்.

வெட்டுவதை எனக்கா சொல்லித்தர வேண்டும்? அப்பா எஸ்டேட்டில் கவாத்துக் கத்தி பிடித்தவர். சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலையை முழங்கால் உயரத்துக்கு மொட்டையடித்து, வெட்டியதை அதன் காலடியிலேயே பரப்பிவிடுவார்கள். மூன்று மாதத்தில் துளிர்க்கும். நானும் புது மண்ணும் சாணி எருவும் போட்டுத் தொட்டி மாற்றினேன். கொடியைச் சாண் உயரத்துக்கு வெட்டி, மிச்சத்தைத் துண்டு துண்டாக நறுக்கி மண்மேல் பரப்பினேன். தள்ளி நின்று ரசித்தும் பார்த்தேன்.

"ஏங்க, இது என்ன தேயிலையா?" என்றாள் மனைவி.

திரும்பி வந்த சரசக்கா வாசல் கேட் அருகிலேயே நின்றுவிட்டார். "ஏனுங்க தம்பி, எம்புள்ள துபாய் போறப்ப வெச்சுட்டுப் போன கொடிங்க."

"மூணு மாசத்துல துளுத்துரும்க்கா."

"சரிங்க" என்று உள்ளே போய்விட்டார். அந்த 'சரிங்க'வில் மரியாதை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்; அதைவிட, ஒரு தாயின் செடியை மொட்டையடித்துவிட்ட வெட்கம். மாதம் ஒன்றாகியும் அவர் பேசவில்லை. நாங்கள் வேறு வீடு விசாரிக்கத் தொடங்கினோம்.

ஒரு காலையில் கூப்பிட்டார். அடிக்கட்டை அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. ஆனால் மண்மேல் கிடந்த துண்டுகள் வேர்விட்டு, ஆளுக்கொரு இலை நீட்டியிருந்தன. சரசக்கா ஒன்றைச் சின்னத் தொட்டியில் நட்டு என் கையில் கொடுத்தார்.

"உங்க ஊட்டுல கொண்டுபோயி வையுங்க."

"மூணாறுல ஏதுக்கா வீடு? அப்பா ரிட்டயர் ஆனதும் எஸ்டேட்டு குடுத்த லயத்து வீட்ட அவங்களுக்கே விட்டுக் குடுத்துட்டோம்."

அவர் சிரித்துவிட்டார். "மூணாறு எதுக்குங்க? அந்தா, அந்த ஊட்டச் சொன்னேன்" என்று நாங்கள் குடியிருக்கும் பக்கத்துப் போர்ஷனைக் காட்டினார்.

பத்தடி தூரம்தான். கதவு திறந்துதான் கிடந்தது. தொட்டியும் கையுமாகப் போய், என் வீட்டுக் கதவையே விருந்தாளிபோலத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றேன்.