படகுக்கு இரண்டு பக்கம்

கோவளத்தில் நானும் என் கணவரும் ஸ்டிக்கர் கடை வைத்திருந்தோம். கம்ப்யூட்டரில் வடிவமைப்பது நான். வெட்டி ஒட்டுவது அவர். ஆட்டோ, வேன், கடைக் கண்ணாடி என்றுதான் வேலை வரும். இரண்டாயிரங்களின் கடைசியில் ஒருநாள் மூன்று மீனவ நண்பர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு புது ஃபைபர் படகு வாங்கியிருந்தார்கள். மூன்றையும் ஒரே காலையில் கடலில் இறக்கப்போகிறார்களாம். ஒன்றில் வேல், ஒன்றில் பிறை, ஒன்றில் சிலுவை. பெயர்களும் வேறு வேறு. ஆனால் மீன் மட்டும் மூன்றிலும் ஒன்றே இருக்கவேண்டும் என்றார்கள். சேர்ந்து தொழில் செய்கிறவர்கள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபைல் வைப்பேன். 'புதுசு', 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி' என்று பெயர் வைத்துவிட்டு நானே முழிப்பேன். நான் படம் வரையும் சாஃப்ட்வேரில் அப்போதுதான் வந்திருந்த புதுப் பதிப்பில் ஒரே ஃபைலுக்குள் பல பலகைகளைப் போட முடிந்தது. ஆர்ட்போர்டு என்பார்கள். சின்ன மேசையை எடுத்துவிட்டுப் பெரிய மேசை போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. படகுக்கு ஒரு வரிசை. அதில் இடப்பக்கம் ஒரு பலகை, வலப்பக்கம் ஒரு பலகை. ஆறையும் இடைவெளி பிசகாமல் அடுக்கிவிட்டுப் பெருமையோடு மூவரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. தனித்தனியாகக் காட்டியிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

"இன்னாக்கா, அவன் மீனு மட்டும் பெர்சா கீது?" என்றார் பிறைக்காரர்.

"என் போட்டு பேரு சின்னது மச்சான், எடம் இருந்துச்சு, போட்டுட்டாங்க" என்றார் வேல்காரர்.

"அதெல்லாம் ஒத்துக்க முடியாது!" என்றார் பிறைக்காரர்.

ஒரே அளவு மீனை ஆறு பலகையிலும் ஒரே உயரத்தில் வைத்தேன். சமாதானமானார்கள். சிலுவைக்காரர் மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, இந்தப் பக்கம் படகு முன்னால போவுது. மீனு இன்னாத்துக்கு இஞ்சினப் பாத்துகினு கீது?"

பார்த்தேன். இடப்பக்க மீனையே வலப்பக்கத்திலும் வைத்திருக்கிறேன். அவசரத்தில் வலப்பக்கப் பலகை முழுவதையும் தேர்ந்தெடுத்துத் திருப்பினேன். மீன் சரியாகிவிட்டது, படகின் பெயர் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம்வலம் மாறி ஓடியது. மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். என் கணவருக்குக் கையில் இருந்த கத்தரி நழுவியது. எனக்கும் அடக்க முடியவில்லை. எழுத்தை விட்டுவிட்டு மீனை மட்டும் திருப்பி, மூன்று வரிசையையும் ஒழுங்குசெய்து முடித்தேன்.

படகு இறக்கும் நாளில் எங்களையும் வரச் சொன்னார்கள். கரையில் நின்று பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம்.

"ஏறுக்கா" என்றார் வேல்காரர்.

"எனக்கு நீச்சல் தெரியாதுண்ணா!"

"நாங்க கீறோம் இல்ல?"

மதுராந்தகத்து ஏரிக்கரையில் வளர்ந்தவள் நான். கல்யாணமாகி வந்து இத்தனை வருஷம் ஆகியும் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. முதல் அலை படகைத் தூக்கியபோது கணவரின் சட்டையைப் பிடித்துக் கத்தினேன். இரண்டாவது அலைக்கு அவர் கத்தினார். அலை தாண்டியதும் கடல் அமைதியாகிவிட்டது. புடவை சொட்டச் சொட்டக் கேட்டேன்: "இன்னும் கொஞ்ச தூரம் போலாமாண்ணா?"