இரண்டு அங்குலம் பின்னால்

கிண்ணியாக் கலியாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குள் கமராவோடு நுழைய ஆண்களுக்கு இடமில்லை. அந்த இடத்தைத்தான் நிப்லா பிடித்தாள். பன்னிரண்டு வருடம் மணப்பெண்களுக்குச் சட்டை தைத்தவள், யாரோ பாவித்த டிஎஸ்எல்ஆர் கமரா ஒன்றை வாங்கி, தான் தைத்த சட்டையைத் தானே படமும் எடுக்கக் கிளம்பினாள். என்ன துணிச்சல்!

முதல் கலியாணத்திலேயே மானம் கப்பலேறியது. கமராவின் சின்னத் திரையில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரிந்தது. கணினியில் பெரிதாக்கியபோது மணப்பெண்ணின் தோட்டில் இருந்த கற்களை எண்ண முடிந்தது; கண்கள் இரண்டும் மங்கல். ஊரே சிரித்தது.

அடுத்தது ஷாமிலாவின் கலியாணம். அவளுடைய உம்மா நஜ்முன் நிஸா முகத்துக்கு நேரே சொன்னார்:

“புள்ள, என்ட மகள்ட கண் தெளிவா வரணும். வராட்டி இனி ஒருத்தரும் உன்னக் கூப்பிட மாட்டாங்க.”

நிப்லா அன்று பின்னேரமே தையல் மேசையில் அளவு நாடாவை நீளவாக்கில் விரித்து, பன்னிரண்டாம் இலக்கத்தில் போகஸ் வைத்துத் தட்டினாள். தெளிவாக வந்தது பதினான்கு. மறுபடியும் பதினான்கு. ஒரு தடவை பதின்மூன்றரை. போகஸ் சரி என்று ‘பீப்’ அடித்துச் சத்தியம் செய்துவிட்டு இந்தக் கள்ளக் கமரா இரண்டு அங்குலம் பின்னால் போய் விழுகிறது! அதைத் திருத்தும் வசதியும் அதில் இல்லை. ஆனாலும் பிழை தன் கையில் இல்லை என்று தெரிந்ததில் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு அங்குலம் தளர்ந்த சட்டையைப் பிடித்துத் தைப்பவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

கலியாணத்தன்று ஷாமிலாவின் கண்ணில் போகஸ் வைத்தாள். போகஸ் மாறாதபடி பொத்தானை அரைவாசி அழுத்திக்கொண்டு, தெளிவு தோட்டிலிருந்து கண்ணுக்கு வர, இரண்டு அங்குலம் பின்னால் சாய்ந்தாள். மூன்று தரம் தட்டினாள். ஒன்று தவறினாலும் ஒன்று அகப்படும். பிறகும் சாய்ந்தாள், பிறகும் தட்டினாள். பெண்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“நிப்லா ராத்தா, என்ன ஊஞ்சலா ஆடுறீங்க?” என்று மணப்பெண்ணே கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். நிப்லா சிரித்துக்கொண்டே தட்டினாள்.

முதல் தட்டிய மூன்றில் இரண்டு மங்கல். மூன்றாவதில் இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது; தோடுதான் மங்கல். நஜ்முன் நிஸா கணினித் திரையில் மூக்கு முட்டப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு நிமிர்ந்தார்.

“கண் நல்லாத்தான் இருக்கு. புதுத் தோடு எங்க புள்ள?”

“ரெண்டையும் ஒண்டாப் பிடிக்க என்ட கமராவுக்கு ஏலாது மாமி.”

“சரி, அப்ப சின்னவள்ட கலியாணத்துல கொஞ்சம் சாயாமலும் எடு. தோடும் வரட்டும்.”