சும்மா இருக்கத் தெரியாத கை

டொராண்டோவில் நான் வழக்கமாகப் போகும் காபிக் கடையில் எனக்கு மட்டும் கோப்பையை முக்கால்வாசிதான் நிரப்பித் தருகிறார்கள். நான் கேட்டதில்லை. என் கை நடுங்குவதைக் கடைப்பெண் கவனித்திருக்கிறாள். அந்தக் கரிசனத்துக்கு நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

பார்க்கின்சன் நோயா, அதைப் போலவே தோன்றும் வேறு நடுக்கமா என்று பார்க்க மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். முதலாவதாக இருந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். விரலில் ஒரு சிறு கருவியை ஒட்டினார்கள். நடுக்கம் திரையில் அலையாக ஓடியது. கை சும்மா கிடக்கும்போது நடுங்கினால் ஒரு நோய், எதையாவது தூக்கும்போது நடுங்கினால் இன்னொன்று. "ரிலாக்ஸ்" என்றார் டாக்டர், என் மகள் வயதுப் பெண். நான் இரண்டு கைகளையும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். நான் வளர்ந்த இலங்கைத் தேயிலைத் தோட்டமான மடுல்சீமையில், தோட்டத்தை நடத்தும் துரைக்கு முன்னால் கையைத் தொங்கவிட்டு நின்ற ஆளை நான் பார்த்ததில்லை. "வலிக்கிறதா?" என்று கேட்டார். "நோ டாக்டர்" என்று இன்னும் இறுக்கினேன். அது மரியாதை என்று விளக்க அலுப்பாக இருந்தது. கை தளராததால் எதுவும் தெளிவாகவில்லை; வீட்டில் யாருக்காவது நடுக்கம் உண்டா, எப்போது வரும் என்று விசாரித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்பாவுக்கு இருந்தது. பிளேன்டீ வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் கொட்டிவிடும். சாராயம் ஒரு வாய் உள்ளே போனால் நடுக்கம் அடங்கும், அதனால் குடித்தார். குடிப்பதால்தான் நடுங்குகிறார் என்று லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் சொல்லின. அவரும் மறுக்கவில்லை.

அங்கே இன்னும் கொழுந்து பறிக்கும் அக்காவை அழைத்தேன். "அப்பாவுக்குக் கை சும்மா இருக்கையில நடுங்குமாக்கா, வேல செய்யையிலயா?"

அக்கா திருப்பிக் கேட்டாள்: "அப்பா என்னைக்குத் தம்பி கைய சும்மா வச்சிருந்தாரு?"

அடுத்த முறை டாக்டர் என்னைப் படுக்கவைத்து, கைக்கு அடியில் தலையணை கொடுத்து, என் கண்ணில் படாமல் பின்னால் போய் உட்கார்ந்தார். கை மெல்லத் தளர்ந்தது. அலை அடங்கிக் கோடாகியது. கையை நீட்டச் சொன்னார், கோடு துள்ளியது. பார்க்கின்சன் இல்லை, குடும்பத்தில் வருவது, வண்டி ஓட்டலாம் என்றார். இந்த நடுக்கம் கொஞ்சம் மதுவில் தற்காலிகமாக அடங்கும் என்றும் சொன்னார். வேலை தப்பியதற்கு வராத அழுகை அப்போது வந்தது.

விஷயத்தைச் சொல்ல அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். படம் ஆடியது. என் கைதான் என்று நினைத்து, ஃபோனைக் காபிக் கோப்பையில் சாய்த்துவிட்டுக் கைகளை மேசைமேல் வைத்தேன். அவை ஓய்ந்து கிடந்தன. அக்காவின் முகமும் பின்னால் தெரிந்த தேயிலை மலையும் ஆடிக்கொண்டே இருந்தன.

"ஃபோன ஆடாம புடி தம்பி" என்றாள் அக்கா.