அம்மாவின் பெயருக்கு எதிரே எழுதிய சொல்

பிளஸ் ஒன் சேர்க்கைக்கு அம்மா வயலிலிருந்து நேராக வந்துவிட்டார். புடவை மேல் போட்டிருந்த அப்பாவின் பழைய சட்டையில் சேற்று வாசம்... ஒரத்தநாட்டுப் பள்ளி ஆபீஸ் முழுக்க அதுதான். எனக்குக் கூச்சமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேனே.

அம்மா நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர். வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும். இந்த வயலுக்கு கட்டு கட்டாக எத்தனை முடி நாற்று வேண்டும், எத்தனை பேர் இறங்க வேண்டும், எப்போது கரையேறலாம் என்று சொல்லிவிடுவார். நிலக்காரர்கள் அவரைக் கேட்டுத்தான் நடவுக்கு நாள் குறிப்பார்கள்.

கிளார்க் தலை நிமிராமல் அம்மாவின் தொழிலைக் கேட்டார்.

"நடவு நடுறேங்க. பன்னெண்டு பேரைக் கூட்டிட்டுப் போறேன்."

அவர் இங்கிலீஷில் ஒரே சொல் எழுதினார், ‘கூலி’ என்று. முன்னால் நின்றவருக்கும் அதுதான், பின்னால் நின்றவருக்கும் அதுதான்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார். "என்ன பாப்பா எழுதுனாரு?"

இங்கிலீஷில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கியவள் நான். "ஏதோ இங்கிலீஷ்ல எழுதியிருக்காரும்மா" என்று நழுவினேன்.

மறுவாரம் நூலகத்தில் தடி இங்கிலீஷ் அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். நம் தமிழிலிருந்து போயிருக்கலாம் என்றிருந்தது, வேறு மூலமும் சொல்லியிருந்தார்கள். அர்த்தம், மூட்டை தூக்குபவர், பயிற்சி இல்லாத வேலையாள். சில நாடுகளில் வசவாம்.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நமக்கு அது உழைப்புக்குக் கொடுப்பதன் பெயர். கப்பலேறிப் போய், ஆளின் பெயராக மாறித் திரும்பி வந்து, என் அம்மாவின் பெயருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டது. பயிற்சி இல்லாதவராம்! அந்தக் கிளார்க் அரை நாள் குனிந்து நட்டுக் காட்டட்டுமே... அவர் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலும்தான்.

பல வருடம் கழித்து, போன மாதம் அம்மாவின் காப்பீட்டு அட்டைக்காக இ-சேவை மையம் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் தொழில் பட்டியலை மேலும் கீழும் உருட்டினார். அந்தப் பழைய சொல் இல்லை, நல்லது. நடவும் இல்லை.

"மற்றவைன்னு போட்டுடவாக்கா?"

பின்னால் வரிசை முணுமுணுத்தது. தலையாட்டிவிட்டேன். ஊரே சோறு தின்கிறது, நட்டவருக்குப் பட்டியலில் ஒரு வரி கிடையாது.

படியிறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன பாப்பா போட்டாங்க?"

"ஏதோ கம்ப்யூட்டர்ல போட்டிருக்காங்கம்மா" என்றேன்.