வெபுயேக்காரர்களிடம் தேடிய எழுத்து

நெலிமாவுக்கு எதிலும் அவசரம். கென்யாவின் கிசுமு நகர மரபணு ஆய்வகத்தில் அவள் தேநீரை ஆறவிட்டுக் குடித்ததை யாரும் பார்த்ததில்லை. சொந்த ஊரான வெபுயேயிலிருந்து அக்கா நப்வீரே போனில் அழுத அன்று தேநீரையே மறந்துவிட்டாள்.

அக்கா மகன் மகோகாவின் இதய மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். உலகப் பட்டியலில் யாருக்கும் இல்லாத மாற்றம், ஆபத்தாக இருக்கலாம், ஓடக் கூடாது என்றது வெளிநாட்டு அறிக்கை. ஆகஸ்டில் அவனுக்கு விருத்தசேதனச் சடங்கு. அதற்குமுன் அவர்களுடைய புகுசு இனத்துப் பையன் கைமணி குலுக்கி, உறவினர் வீடுவீடாக ஆடி ஓடி அழைக்க வேண்டும். ஒதுங்கினால் கோழை என்ற பேர் சாகும்வரை போகாது.

"அவங்க பட்டியல்ல நம்ம ஆளுங்க எத்தனை பேரு இருக்காங்க அக்கா? நம்மள்ல பலருக்கு அது இருந்தா பயமில்ல. அழாத, நான் பாக்குறேன்."

வெபுயேக்காரர்கள் சிலர் எப்போதோ ஆய்வுக்குக் கொடுத்த ரத்தத்தின் மரபணுத் துண்டுகள், பெயரில்லாமல், ஒவ்வோர் எழுத்துக்கும் இட எண் போட்ட மாதிரி வரிசை ஒன்றோடு பொருத்தி இணையத்தில் கிடக்கின்றன. யாரும் எடுக்கலாம். முழுக் கோப்பும் வேண்டாம், வேண்டிய இடத்தை மட்டும் வெட்டியெடுத்தால் போதும். நெலிமா எடுத்தாள். ஒருவரிடமும் அந்த மாற்றம் இல்லை. மறுபடியும் எடுத்துப் பார்த்தாள்.

பக்கத்து இருக்கை மசிண்டே எட்டிப் பார்த்தான்.

"சி இருந்த இடத்துல டி வந்திருக்குன்னுதானே அறிக்கை சொல்லுது? இங்க எல்லாருக்கும் ஜி இருக்கே! எந்த மாதிரி வரிசைம்மா இது?"

அவள் எடுத்தது பழையது. அறிக்கையின் இட எண்ணோ புதியதற்கு உரியது.

"கிசுமு விலாசத்தை வச்சுக்கிட்டு நைரோபில கதவைத் தட்டியிருக்க, மகராசி!"

வேறு நாளாயிருந்தால் அவனைக் கடித்துக் குதறியிருப்பாள். இப்போது புதிய வரிசையோடு பொருத்திய கோப்புகளைத் தேடிப்பிடித்து அதே இடத்தை வெட்டியெடுத்தாள். சி, சி, டி. மறுபடியும் டி. வளர்ந்த, நடமாடும் மனிதர்கள் பலரிடம் அந்த டி சாதாரணமாக இருந்தது. இதய மருத்துவரும் அதைச் சரிபார்த்து, பையனையும் சோதித்துவிட்டு, பயமில்லை, ஓடட்டும் என்றார். நெலிமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அக்காவுக்குப் போன் போட்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அக்கா? கேக்குதா?"

"கேக்குதுடி. இத்தனை நாளா அவன் தூங்குறப்ப நெஞ்சுல கைய வச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். இன்னைக்கு நானும் தூங்குவேன்."