கதவடியில் பதித்த எவர்சில்வர் தகடு

கார் வாங்கி எட்டு மாதம் ஆகியும் சீட்டிலிருந்த பாலிதீன் உறையை நான் கழற்றவில்லை. உட்கார்ந்தால் சரசரக்கும், வெயிலில் முதுகோடு ஒட்டும். இருந்தாலும் கழற்ற மனசு வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கார் அது. கோவில்பட்டியில் உறையோடு ஓடும் கார் என்னுடையது மட்டுமா என்ன?

அந்தக் காருக்கு எதிரி என்று நான் நினைத்தது அக்காவின் சக்கர நாற்காலியை. அக்கா புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் வேலை பார்த்தவள். மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கிள்ளினாலும் தெரியாது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் காரே வாங்கினேன். வாங்கிய பிறகு, அவள் ஏறி இறங்கும்போது என் கண் அவள்மேல் இருக்காது. நாற்காலி கதவில் உரசுகிறதா, சக்கரத்திலிருக்கும் கரிசல் மண் உள்ளே ஒட்டுகிறதா என்றே பார்க்கும். மழை பெய்துவிட்டால் போச்சு. மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வரும். உச்சுக் கொட்டிக்கொண்டே சுரண்டுவேன்.

அக்காவுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு நாள், பழைய ஜீன்ஸ் துணிகளை நாலு மடிப்பாக அடுக்கித் தைத்து என்னிடம் நீட்டினாள். முன்சீட்டுக் கதவடியில், ஏறி இறங்கும் விளிம்பில் விரித்துக்கொண்டால் கீறலும் விழாது, மண்ணும் படாது.

"ஏலே, ஒன் வண்டிக்குப் பாவாட தச்சிருக்கேன். இனியாவது மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடாத" என்றாள்.

ஒட்டுப்போட்ட துணி. நீலத்திலேயே நாலு விதம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று எனக்குக் கூச்சம். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் திணித்துவிட்டு, வெல்டிங் பட்டறையில் சொல்லிக் கதவடி முழுக்கப் பளபளவென்று எவர்சில்வர் தகடு அடித்துக்கொண்டேன். அக்கா தகட்டைப் பார்த்தாள். துணி எங்கே என்று கேட்கவில்லை.

அவளோடு தையல் வேலை பார்த்த தோழி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். முந்தின நாள் நல்ல மழை. அன்றைக்கு மண்டையைப் பிளக்கும் வெயில். மண்டபத்துக்கு வெளியே நிழலே இல்லை. சாப்பிட்டு வந்ததும், உள்ளே அடைந்திருக்கும் சூடு போகட்டும் என்று கதவைத் திறந்து வைத்தேன். சீட்டில் துண்டை விரித்தேன். அதுவும் சீட்டுக்காகத்தான், அவளுக்காக இல்லை. அக்காவைத் தூக்கிச் சீட்டில் பக்கவாட்டாக உட்கார வைத்தேன். கால்கள் வெளியே தொங்கின.

"காலத் தூக்கி உள்ள வைல" என்றாள்.

"இரு, மண்ணத் தட்டிட்டு வாரேன்."

குச்சியால் ஒவ்வொரு சக்கரமாகச் சுரண்டினேன். அப்புறம் தண்ணீர் விட்டுத் துணியால் துடைத்தேன். அவ்வளவு நேரமும் அவள் கெண்டைக்கால் அந்தத் தகட்டில் சாய்ந்திருந்தது. சேலை சற்று ஏறியிருந்தது. தோழியைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் அவளுக்குச் சேலை மாற்றிவிடப் போன என் மனைவி உள்ளிருந்து கத்தினாள்: "இங்கன வாங்க, மதினி காலப் பாருங்க!"

இரண்டு கெண்டைக்காலிலும் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி கொப்புளம். பார்த்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவும் கொப்புளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

மறுநாள் டாக்டர், "எப்படிம்மா பட்டுச்சு?" என்று கேட்டார்.

"கஞ்சி வடிக்கும்போது கொட்டிட்டு, சார்."

"கஞ்சி இவ்வளவு நேராவா கொட்டும்?"

"எங்க வீட்டுக் கஞ்சி அப்படித்தான் சார்" என்று சிரித்தாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். நான்தான் சார், என் வண்டியில் கீறல் விழாமலிருக்க இவள் காலைச் சுட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாற்பது வயது ஆள், வெட்கங்கெட்டுப்போய் அவள் பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. உணர்ச்சியில்லாத காலில் சீக்கிரம் ஆறாதாம். அத்தனை நாளும் அவள் வாசலைத் தாண்டவில்லை. இடையில் தகட்டைப் பெயர்த்தெறிந்தேன். ஸ்க்ரூ போட்ட ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. ஸ்டெப்னிக்கு அடியிலிருந்து ஜீன்ஸ் துணியை எடுத்தபோது அதில் கிரீஸ் ஒட்டியிருந்தது. மூன்று தடவை துவைத்தேன். கறை போகவில்லை.

முதல் தடவை விரித்தபோது அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "தொலைச்சிட்டியோன்னு நெனச்சேன்" என்றாள்.

"அக்கா, அன்னைக்கு நான்..."

"விடுல. ரயில்வே கேட்டடச்சிருவான், வண்டிய எடு."

இப்போதெல்லாம் நிழல் பார்த்துத்தான் நிறுத்துகிறேன். மண் சுரண்டுவதில்லை, அவள் காலைத்தான் முதலில் உள்ளே தூக்கி வைக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும், தூக்க நான் குனிவதற்கு முன்னால், அக்கா புறங்கையைக் கதவடியில் வைத்துச் சூடு பார்க்கிறாள். துணி விரித்திருக்கிறது, விரித்தது நான்தான் என்று தெரிந்தும் பார்க்கிறாள். அவள் கையை எடுக்கிறவரை நான் காத்திருக்கிறேன்.