கட்டு நூலைத் தராத சிஸ்டர்

சிஸ்டரை நான் முதலில் சந்தித்தது ஆபரேஷன் தியேட்டர் வாசலில். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியனாக அன்றுதான் சேர்ந்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். "பட்டமெல்லாம் சரி தம்பி, மூக்கை யாரு மூடுவா?" என்றார். என் முகக்கவசம் மோவாயில் தொங்கிக்கொண்டிருந்தது.

அறுவையின்போது கத்தியும் நூலும் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. தைராய்டு என்றால் மட்டும் ஒரு பிடிவாதம்: குரல் நரம்பைக் கண்ணால் பார்த்தாயிற்று என்று டாக்டர் சொல்லாமல், ரத்தக்குழாயை வெட்டுமுன் இறுக்கிக் கட்டும் கட்டு நூலைத் தரமாட்டார். முன்பொரு முறை கேட்டவுடன் கொடுத்திருக்கிறார். அந்த நோயாளி ஒரு கணக்கு வாத்தியார். கண் விழித்தபோது அவர் வாயிலிருந்து காற்றுதான் வந்ததாம். அப்புறம் அவர் வகுப்புக்குத் திரும்பவே இல்லை.

அன்று மேசையில் படுத்திருந்தவர் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவர். கழுத்தின் வலப்பக்கம் கட்டி. "என்ன வேணா எடுத்துக்குங்க டாக்டர், சத்தத்தை மட்டும் விட்டுடுங்க. வீட்டுல நாலு வாய் அதை நம்பித்தான் இருக்கு" என்று சிரித்துக்கொண்டே மயங்கினார்.

குரல் நரம்பு வழக்கமாக மார்புப் பக்கம் இறங்கி, வளைந்து, மூச்சுக்குழாயை ஒட்டி மேலே ஏறி வரும். டாக்டர் அங்கே தேடினார். இல்லை. இன்னும் கீழே தேடினார். அங்கும் இல்லை. கட்டிக்குப் பின்னால் குறுக்கே வெள்ளையாக ஓர் இழை மட்டும் கிடந்தது.

"இது ரத்தக்குழாய்தான். நூல்."

சிஸ்டரின் கை நகரவில்லை. "நரம்பு பாத்தாச்சா சார்?"

"கட்டி எங்கேயாவது தள்ளியிருக்கும். குடுங்க சிஸ்டர்."

"எங்கேன்னு காட்டுங்க, தரேன்."

"ஆபரேஷன் நீங்க பண்றீங்களா, நான் பண்றேனா?"

"நீங்கதான் சார். அதான் உங்களைக் கேக்கறேன்."

யாரும் மூச்சு விடவில்லை. ஏலக்காரருக்காக இயந்திரம் மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் முனகியபடி இழையைத் தொட்டுப் பார்த்தார். துடிப்பில்லை. மெல்லத் தொடர்ந்து போனார். ஒரு முனை குரல்வளைக்குள் நுழைந்தது. மறுமுனை கழுத்தின் பெரிய நரம்பிலிருந்து நேராகப் பிரிந்து வந்தது. கீழே இறங்காத நரம்பு! நூறு பேரில் ஒருவருக்கு இருந்தால் அதிகம்.

"பாத்தாச்சு" என்றார் டாக்டர், தணிந்த குரலில். உண்மையான ரத்தக்குழாயைக் கட்ட சிஸ்டர் நூலை நீட்டினார்.

நரம்பு அறுபடாமல் சற்று இழுபட்டிருந்தாலும் குரல் போகும். மயக்க டாக்டர் குழாயை உருவியதும் எல்லோரும் குனிந்தோம். "ஏதாவது பேசுங்க." உதடு அசைந்தது, சத்தமில்லை. டாக்டர் கையுறையைக் கழற்றாமல் அப்படியே நின்றார். ஏலக்காரர் இருமினார்.

"தண்ணி குடுங்கய்யா, தொண்டை எரியுது!"

வராந்தாவில் நின்ற அவர் மனைவிக்கே கேட்டிருக்கிறது.

சிஸ்டர் இப்போது அதே தியேட்டரின் பொறுப்பு நர்ஸ். கழுத்து அறுவை என்றால், அவருக்கு டியூட்டி உள்ள நாளாகப் பார்த்துத்தான் அந்த டாக்டர் தேதி கொடுக்கிறார்.